நோட்டில் இருந்த ரொட்டிக்காரி

ஹெர்மீனா ராட்கே செத்ததற்கு எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மழையில் நனைந்தாள் என்றார்கள், பட்டினி என்றார்கள், புருஷனின் கிறுக்குத்தனம் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் என் பங்கும் ஒன்று உண்டு. அது ஊரில் யாருக்கும் தெரியாது.

என் பெயர் யோஸ்ட் வீகண்ட். கெல்பர்ஹைனில், ஷ்ராம் அச்சகத்தில் கல் அச்சு ஓட்டுகிறவன். வழவழப்பான கல்லின் மேல் கொழுப்பு மையால் படம் வரைந்து, அதிலிருந்து காகிதத்துக்கு எடுக்கிற வேலை. ராட்கே தம்பதி குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் எனக்கு ஓர் அறை. ஆல்வின் ராட்கே பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நின்று பேசினால் எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார். ஹெர்மீனா அதற்கு நேர்மாறு. அகலமான முகம், கனத்த கைகள். அவள் சமையலறையில் சிரித்தால் என் அறையில் கண்ணாடி டம்ளர் அதிரும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. உலகச் சண்டை நடந்த காலத்தில், வேறெதுவும் கிடைக்காமல் ஊரே மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்ற குளிர்காலத்தில் இறந்துபோனது. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

நோட்டுக் கதை 1921 கோடையில் தொடங்கியது. செம்பும் நிக்கலும் பீரங்கிக்குப் போய்விட்டதால் எங்கேயும் சில்லறை கிடையாது. ஊருக்கு ஊர் சொந்தமாகச் சில்லறை நோட்டு அடித்துக்கொண்டார்கள். ஓர் ஊர் தன் கழுதைக் கதையைப் போட்டது, இன்னோர் ஊர் தன் கோபுரத்துப் பேயைப் போட்டது. படம் நன்றாக இருந்தால் பெர்லினிலிருந்து சேகரிப்பவர்கள் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். வாங்கியதை ஆல்பத்தில் ஒட்டிவிடுவார்கள், திருப்பிக் கொண்டுவந்து காசு கேட்க மாட்டார்கள். எங்கள் மேயர் க்னோப்புக்கும் ஆசை வந்துவிட்டது. ராட்கேயை அச்சகத்துக்கே கூட்டிவந்தார்.

"நம்ம ஊர்ல என்னய்யா இருக்கு படம் போட? ஒரு பீங்கான் தொழிற்சாலை, ரெண்டு சர்ச், நாலு பீர் கடை. பேய்கூட நம்ம ஊருக்கு வராது."

"ரொட்டிக்காரி இருக்காளே," என்றார் ராட்கே, மேயரின் பொத்தானைப் பார்த்து.

ரொட்டிக்காரி கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்வீடன்காரப் படை ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. உள்ளே எலிகூட மிச்சமில்லை. அப்போது ரொட்டிக் கடைக்காரரின் விதவை ஒருத்தி, இருந்த கடைசிப் பிடி மாவில் மரத்தூளைக் கலந்து ஒரு பெரிய ரொட்டி சுட்டாள். கோட்டைச் சுவர் மேல் ஏறி அதை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். இவ்வளவு பெரிய ரொட்டியா, இவர்கள் இன்னும் ஒரு வருஷம் தாங்குவார்கள் என்று நினைத்துப் படை கலைந்து போனது.

ராட்கே அதை ஆறு நோட்டாக வரைந்தார். ஒன்றில் முற்றுகை, ஒன்றில் பசி, ஒன்றில் அடுப்பு, கடைசியில் ஏமாந்து மூக்கு நீண்ட சிப்பாய்கள் திரும்பிப் போவது. நாலாவது நோட்டில், அரை மார்க் மதிப்புள்ள ஐம்பது ஃபென்னிக் நோட்டில்தான், அவள் ரொட்டியைத் தூக்கி நிற்பாள். இடது ஓரம் கோதுமைக் கதிர், வலது ஓரம் முட்செடி, நாலு மூலையிலும் எங்கள் ஊர்ச் சின்னமான சாவி. அடியில் இரண்டு வரிப் பாட்டு:

உண்டவர் வயிறு நிறையட்டும்,
கண்டவர் படை கலையட்டும்.

அந்த முகம் ஹெர்மீனாவின் முகம். ஊர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டது. "ரெண்டு நாள் சமையலறையில தலையணையைத் தூக்கிக்கிட்டு நின்னேன் வீகண்ட்," என்று என்னிடம் சொன்னாள். "கை கடுக்குதுன்னு இறக்கினா, 'ரொட்டியைக் கீழ போடாதே, ஸ்வீடன்காரன் வந்துருவான்'னு அதட்டுறார் இந்த மனுஷன்."

அந்த நோட்டு விற்ற பணத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். ஹெர்மீனா கடைத்தெருவில் நடந்தால் "ஐம்பது ஃபென்னிக் அம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்பார்கள். அவளும் தலைக்கு மேல் கூடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.

இரண்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழானது. 1923 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரன் எங்கள் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூரைப் பிடித்தான். மார்க்கின் மதிப்பு விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. அரசாங்க அச்சகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த முறை சில்லறைக்காக இல்லை, சம்பளத்துக்காகவே ஊர்கள் நோட்டு அடிக்க வேண்டியதாயிற்று. மேயர் மறுபடி வந்தார்.

"அதே ரொட்டிக்காரி, ராட்கே. ஆனா பெரிசா வேணும். சுவரு பெரிசு, ரொட்டி பெரிசு. பார்த்தா ஜனத்துக்கு நம்பிக்கை வரணும்."

"ரொட்டி உள்ளே மரத்தூள்தானே, மேயர்?"

"அதை யாரு நோட்டைப் பிட்டுப் பார்க்கப் போறான்?"

ராட்கே மூன்று வாரம் உட்கார்ந்து புதிதாக வரைந்தார். என் கண் பார்த்த கல் வேலைகளில் அதுதான் மிகச் சிறந்தது. ரொட்டியின் மேல்தோல் வெடித்திருக்கும் கோடுகள்கூட முடிபோல் மெல்லியதாக இருந்தன. பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் எந்த ஊர் நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், எங்கள் நோட்டை மட்டும் பேசாமல் வாங்கினார்கள். "ரொட்டிக்காரி இருந்தா சரி, அதை எவனும் கள்ள அச்சு அடிக்க முடியாது" என்பார்கள். ஆயிரம் மார்க்குக்கு வரைந்த படத்தில், எண்ணை மட்டும் மாற்றி மாற்றி லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் அதையே அடித்தோம்.

ஜூலையில் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மூலக் கல் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் இயந்திரக் கற்களுக்குப் படத்தைப் பெயர்த்து எடுப்போம். வேலை முடிந்ததும் மூலக் கல்லில் பிசின் கரைசல் பூசி மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் கொழுப்பு பரவி, மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். பயிற்சிக்கு வந்த முதல் வாரம் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அன்று சம்பளத்தைக் கையில் வாங்கியதும், விலை ஏறுவதற்குள் கடைக்குப் போய்விட வேண்டும் என்று ஓடினேன். கல்லைத் திறந்தபடி விட்டுவிட்டேன். வெயில் நாள். மறுநாள் வந்து பார்த்தபோது ரொட்டியின் வெடிப்புகளில் சில தடித்துப்போயிருந்தன. இரண்டு இடத்தில் திட்டுத் திட்டாகக் கருமை. முதலாளி ஷ்ராமிடம் சொன்னால் வேலை போகும். அந்த வருஷம் வேலை போனால் உயிர் போன மாதிரி. யாருக்குத் தெரியப் போகிறது என்று அதையே பெயர்த்து ஓட்டினேன்.

எங்கள் ஜனத்துக்கு அந்த ஆண்டு ஒரு புது வியாதி வந்திருந்தது. நோட்டுக்குள் ரகசியம் தேடுவது. அரசாங்கத்தின் பத்தாயிரம் மார்க் நோட்டில் ஒரு பழைய ஓவியத்து வாலிபனின் முகம் இருக்கும். அதைத் திருப்பிப் பிடித்தால் அவன் கழுத்தில் ஒரு ரத்தக்காட்டேரி உட்கார்ந்து உறிஞ்சுகிறது, அதுதான் பிரான்ஸ், அவன்தான் ஜெர்மானியன் என்று நாடு முழுக்கப் பேச்சு. பீர் கடையில் குதிரை வியாபாரி பில்ஸ் அதை மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு திரிந்தான். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அதே ஆள் எங்கள் ஊர் நோட்டை எடுத்தான்.

"டேய், இங்க வாங்கடா எல்லாரும். நம்ம ரொட்டிக்காரியோட ரொட்டியைத் தலைகீழாப் பாருங்க."

பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். தடித்துப்போன இரண்டு திட்டும் கண்குழிகள். நடுவில் ஒரு வெடிப்பு மூக்கு. ஓரத்துக் கோடுகள் பல். மண்டையோடு. ஒரு தரம் பார்த்துவிட்டால் பிறகு ரொட்டி கண்ணுக்குத் தெரியாது.

"வாத்தியார் வேணும்னே வெச்சிருக்கான்யா. ஊருக்கு ரொட்டி காட்டுறேன்னு சாவைக் காட்டியிருக்கான்."

"அவளும் சிரிச்சுக்கிட்டேல்ல நிக்குறா!"

"அதான் நம்ம பணம் இந்தக் கதி ஆச்சு. தரித்திரம் பிடிச்ச நோட்டு."

நான் என் குவளையைக் காலி பண்ணிவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஹெர்மீனாவை யாரும் ஐம்பது ஃபென்னிக் அம்மா என்று கூப்பிடவில்லை. மண்டையோட்டுக்காரி என்றார்கள். முதலில் கேலியாக, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு. காலையில் வாங்கிய நோட்டு மாலையில் செல்லாக் காசாகும்போது ஜனத்துக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. பணத்தை விழுங்கியவர்கள் யாரோ எங்கேயோ இருந்தார்கள், அவர்களுக்கு முகம் இல்லை. நோட்டில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது, அது தினமும் கடைவரிசையில் வந்து நின்றது. வரிசையில் அவளைப் பின்னால் தள்ளினார்கள். ஒருத்தி அவள் கன்னத்தில் நோட்டை எச்சில் தொட்டு ஒட்டினாள். வீட்டுக் கதவில் கத்தையாக ஒட்டினார்கள், கண்ணில் ஆணி குத்தி.

ஹெர்மீனா தாங்கினாள். உண்மையாகவே தாங்கினாள். கதவில் ஒட்டியதைச் சுரண்டி அடுப்பில் போட்டுவிட்டு, "பாருங்க வீகண்ட், என் மூஞ்சியிலேயே தண்ணி கொதிக்குது" என்பாள். வறுத்த பார்லித் தண்ணீரை எனக்கும் ஒரு கோப்பை தருவாள்.

தாங்காதவர் ராட்கே. அவர் பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னல் பக்கம் நோட்டைப் பிடித்து, தலைகீழாக்கி, பார்த்துக்கொண்டே இருப்பார்.

"என் கைதான் வரைஞ்சிருக்கு," என்று ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். "எனக்கே தெரியாம வரைஞ்சிருக்கு. அவ கையில சாவைக் குடுத்திருக்கேன். ஏன் தெரியுமா? குழந்தை போன அன்னிக்கி அவமேல எனக்கு ஒரு கோபம் இருந்தது. பாலுக்கு வரிசையில நிக்கப் போனவ, இல்லன்னதும் உடனே திரும்பி வந்துட்டாளேன்னு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாமேன்னு. நான் அதை வாயால சொன்னதில்ல. கை சொல்லிருச்சு."

"அப்படியெல்லாம் இல்ல சார்," என்றேன்.

"பின்னே எப்படி?"

எனக்குப் பதில் தெரியும். மூலக் கல்லில் முதல் முதலாக எடுத்த சுத்தமான அச்சுப் படி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருந்தது. கோடு கோடாக, மண்டையோடும் இல்லை, மண்ணும் இல்லை. ஏழு மாடிப்படி ஏறி அதை எடுத்துவந்து காட்டியிருக்கலாம். "வேலைப் பளு சார், மனசைக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.

மேயரிடம் போய்ப் படத்தை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார் அவர். "மாத்தினா எவனும் வாங்க மாட்டான். திட்டிக்கிட்டாவது இதை வாங்குறானே" என்று மேயர் அனுப்பிவிட்டார். அக்டோபரில், ஒரு ஞாயிறு காலை, சர்ச் மணி அடிக்கிற நேரத்தில் ராட்கே என் கதவைத் தட்டினார்.

"அச்சகச் சாவி உங்ககிட்ட இருக்கில்ல?"

"எதுக்கு சார்?"

"கல்லைப் பார்க்கணும். ஒரு அரை மணி நேரம்."

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. அவர் கோட்டுப் பையில் மணல் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது. கல்லின் மேல் மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லை வைத்துத் தேய்த்தால் படம் போய்விடும். போனால் வராது. அந்த நிமிஷம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ராட்கே மேல் பரிதாபம் வந்தது, கொஞ்சம். ஆனால் முதலில் வந்தது வேறு. கல் போனால் என் தப்பும் அதோடு போகும் என்பதுதான்.

சாவியைக் கொடுத்தேன்.

அவர் மூலக் கல்லை மட்டும் தேய்க்கவில்லை. இயந்திரத்தில் ஏற்றியிருந்த இரண்டு கற்களையும் தேய்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஷ்ராம் அச்சகத்துக்கு வந்தபோது மூன்று கல்லும் கழுவிய தட்டுப்போல் வெறுமையாக இருந்தன. பீங்கான் தொழிற்சாலைக்கு அன்று மத்தியானம் சம்பளம் போக வேண்டும். நானூற்றுச் சொச்சம் பேர். மேயர் கத்தினார், ஷ்ராம் என்னைப் பார்த்துக் கத்தினார். சாவி எப்போதும் ஆணியில்தான் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றேன். அதற்குள் ராட்கே தானாகவே நகரசபைக்கு நடந்து போய், "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டார். சாவி யார் கொடுத்தது என்று கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை.

வெறும் எழுத்தைக் கோத்து ஒரு நோட்டு அடித்தோம். படமில்லை, ஓரமில்லை, எண்ணும் நகரசபை முத்திரையும் மட்டும். தொழிற்சாலைப் பெண்கள் அதை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர்கள் கையால் தொடவில்லை.

"இது எந்த ஊர்ப் பணம்?"

"நம்ம ஊருதான், முத்திரையைப் பாருங்க!"

"ரொட்டிக்காரி எங்க? ரொட்டிக்காரி இல்லாம இதை எந்த மொத்த வியாபாரி எங்கிட்ட வாங்குவான்? கொண்டு போம்மா."

எத்தனை வாரமாக எந்த முகத்தில் துப்பினார்களோ, அந்த முகம் இல்லாமல் ஒரு பிடி உருளைக்கிழங்கு கிடைக்கவில்லை. மேயர் தண்டோராப் போட்டு, கடைக்காரர்களை மிரட்டி, நோட்டை ஏற்க வைப்பதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஒரு வாரச் சாமான் வாங்கியிருக்கக்கூடிய கூலி, புதன்கிழமை அரைப் படி பட்டாணிக்குக்கூடக் காணவில்லை.

கீழ்வீட்டில் க்ளாரா டாப்பே என்று ஒருத்தி இருந்தாள். சண்டையில் புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள், தொழிற்சாலையில் தட்டுக்கு மெருகு பூசுகிறவள். புதன்கிழமை மாலை அவள் ராட்கே வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் படியில் இருந்தேன். அவள் சத்தம் போடவில்லை.

"ஹெர்மீனா, உன் வீட்டுக்காரர்தான் செஞ்சார்னு சொல்றாங்க. நிஜமா?"

"நிஜம், க்ளாரா."

"என் பிள்ளைங்க மூணு நாளா உப்புத் தண்ணி குடிக்குதுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

அவள் திரும்பி நடக்க, ஹெர்மீனா ஆணியில் தொங்கிய தன் குளிர்க் கோட்டை எடுத்தாள். பழுப்புக் கம்பளி, கழுத்தில் முயல் தோல். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு.

"இதைக் கொண்டு போ. பண்ணைக்காரங்க கிழங்குக்கு மாத்துவாங்க."

"வேணாம்டி. உனக்குக் குளிருக்கு?"

"எனக்கு உடம்புல இன்னும் சதை இருக்கு. கொண்டு போ, பேசாதே."

க்ளாரா வாங்கிக்கொண்டாள். கையில் மடித்துப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

கதவு சாத்தியதும் உள்ளே ஹெர்மீனாவின் குரல் கேட்டது. அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதே இல்லை.

"எல்லாரும் துப்பினாங்க, சரி. அழிச்சது நீதானே ஆல்வின். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகவா? என் மூஞ்சியைப் பார்க்க உனக்குப் பயம். அதுக்காகச் செஞ்சே."

பள்ளியிலிருந்து ராட்கேயை நீக்கிய கடிதம் மறுநாள் வந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலைப் பெண்கள் கூட்டமாகக் கிராமத்து வயலுக்குக் கிளம்பினார்கள். அறுவடை முடிந்த நிலத்தில் மிஞ்சிய கிழங்கைக் கிண்டி எடுக்க. பண்ணைக்காரர்கள் காவல் போட்டிருந்தார்கள், வேறு இடத்தில் சுடவும் செய்திருக்கிறார்கள் என்று பேச்சு. ஹெர்மீனா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள். முதலில் யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை என்று க்ளாரா பின்னால் சொன்னாள். வயலுக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஐஸ் கலந்த மழை. அவள் வெறும் மேல்சட்டையோடு முழங்கால் போட்டு, மற்ற யாரையும்விட வேகமாகக் கிண்டினாளாம். தன் சாக்கு நிறைந்ததும் பிள்ளைக்காரிகளின் சாக்கில் போட்டாளாம். காவல்காரன் நாயை அவிழ்த்துவிட்டபோது எல்லாரும் ஓட, அவள் ஓடைக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம்.

வீட்டுக்கு வந்தபோது உதடு நீலம். மூன்றாம் நாள் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. டாக்டர் வந்தார். முட்டை இருந்தால் கொடுங்கள், பால் இருந்தால் கொடுங்கள், அறையைச் சூடாக வையுங்கள் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் தொப்பியைப் போட்டுக்கொண்டே, நம்பிக்கையில்லை என்று என்னிடம் தலையை ஆட்டினார். நான் அச்சகத்திலிருந்து மரச் சிராய்களைத் திருடிவந்து அடுப்பில் போட்டேன். அது ஒன்றுதான் நான் அவளுக்குச் செய்தது.

சாவதற்கு முந்தின மத்தியானம் போய்ப் பார்த்தேன். கன்னச் சதையெல்லாம் வற்றி, எலும்பு மேலே வந்துவிட்டிருந்தது. ராட்கே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார்.

"வீகண்ட்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "இவர் ரெண்டு நாளா சாப்பிடல. கிழங்கு இருக்கு, அவிச்சுக் குடுங்க. தோலோட அவியுங்க, வீணாக்காதீங்க."

அவிக்கப் போனேன். சமையலறையில் நின்று, இப்போதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவள் உயிரோடு இருக்கும்போது சொன்னால் இருவருக்கும் ஓர் ஆறுதல். தண்ணீர் கொதித்தது. கிழங்கு வெந்தது. எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. க்ளாரா பிள்ளைகளோடு வந்தாள். பாதிரியார் சுருக்கமாக முடித்துக்கொண்டார். நவம்பர் பாதியில் அரசாங்கம் புது மார்க் வெளியிட்டது. முகம் கிடையாது, கதை கிடையாது, எண்ணும் எழுத்தும் பூவேலைக் கோடும் மட்டும். ஜனம் அதை நம்பியது. விலை நின்றது. கடை ஜன்னல்களில் ஒரே வாரத்தில் வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும் வந்துவிட்டன. எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ. சந்தை நாளில் ஒரு பண்ணைக்காரி பழுப்புக் கம்பளிக் கோட்டில், கழுத்தில் முயல் தோலோடு, முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். ராட்கே அவளுக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். அவள் "என்ன வேணும் சார், பெரிய முட்டை, பாருங்க" என்றாள். அவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு நகர்ந்தார்.

ஜனவரியில் அவர் வீட்டைக் காலி செய்தார். ஸ்டெட்டினில் அண்ணன் இருக்கிறார், போகிறேன் என்றார். பெட்டிகூட இல்லை, ஒரு துணி மூட்டை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இழுப்பறையிலிருந்து அந்தப் படியை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுதான் சார் நீங்க வரைஞ்சது. முதல் படி. ரொட்டியைத் திருப்பிப் பாருங்க. ஒண்ணும் இருக்காது. ஜூலையில கல்லுக்குப் பிசின் பூசாம விட்டுட்டேன். கோடு அடைச்சுக்கிச்சு. மண்டையோடு உங்க கை போட்டது இல்ல. என்னோட தப்பு."

அவர் படியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக்கினார். அவர் விரல் ஹெர்மீனாவின் கன்னத்துக்கு மேல், தொடாமல், நின்றது.

"எப்போலேருந்து தெரியும்?"

"அப்போலேருந்தே."

"சாவி கேட்டு வந்தேனே, அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கி சொல்லியிருந்தா நான் கல்லைத் தொட்டிருக்க மாட்டேன்," என்றார். "அவளும் வயலுக்குப் போயிருக்க மாட்டா. இப்ப ஏன் சொல்றீங்க வீகண்ட்? உங்க மனசுக்காகவா?"

அவர் ஜன்னலை விட்டு மேசைப் பக்கம் வந்தார்.

"நான் அவகிட்ட சொல்லிட்டேன். குழந்தை விஷயம், என் கோபம், எல்லாம். கை சொல்லிருச்சே, இனி மறைச்சு என்னன்னு, காய்ச்சல்ல கிடந்தவகிட்ட உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கிட்டே கண்ணை மூடிக்கிட்டா. அப்புறம் எங்கிட்ட அவ பேசவே இல்ல. கிழங்கு அவிக்கச் சொன்னதுகூட உங்ககிட்டதான்."

படியை மேசை மேல் வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். மாடிப்படியில் அவர் பூட்ஸ் சத்தம் மெல்ல இறங்கி, தெருக் கதவு சாத்துவது கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஸ்டெட்டினுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய அண்ணன் பதில் போட்டிருந்தார். தம்பி அங்கே வந்து சேரவே இல்லையாம்.

ராட்கே கிளம்பிய அதே வருஷம், வசந்தத்தில், ஷ்ராம் என்னைத் தலைமை அச்சாளராக உயர்த்தினார். அவ்வளவு நெருக்கடியிலும் ஒழுங்காக இருந்தவன் என்று மற்றவர்கள் முன்னால் கைகுலுக்கினார். நான் கையை நீட்டினேன்.